சாமிக்கு ரேகை விழுமா?

கேள்வி: மே 5, காலை 9.40

ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், முதல் அத்தியாயம் இங்கே போட்டிருக்கிறேன். தேவர்கள் நால்வர் சாபத்தால் மனிதர்களாகி இன்றைய வட சென்னையில் வாழ்கிறார்கள். வருணன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறான். அக்னிக்கு மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. எமன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். இந்திரன் ராயபுரத்தில் ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். சக்தி பாதி போய்விட்டது, மக்கள் நம்பினால் திரும்பி வரும். இது நம்புகிற மாதிரி இருக்கிறதா? எனக்கு பேசின் பிரிட்ஜ் தாண்டி ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்.

பதில்: மே 5, இரவு 11.10

இல்லை தம்பி. வருணனுக்குக் கடல், அக்னிக்கு நெருப்பு, எமனுக்கு ஆம்புலன்ஸ். நால்வரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, கேட்ட வேலையையே வாங்கிய மாதிரி இருக்கிறது. இங்கே தெரிந்த வேலை யாருக்குக் கிடைத்தது? என் பெரியப்பா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். வருணன் காசிமேட்டுக்கு வந்தால் முதலில் ஐஸ் உடைப்பான், அது இல்லையென்றால் ஏலம் போகிற இடத்தில் கூடை தூக்குவான். படகில் ஏற்றிக்கொள்ள ஆள் தெரிந்திருக்க வேண்டும், ஆள் தெரிந்தாலும் யார் வீட்டுப் பையன் என்று கேட்பார்கள்.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஃபைபர் படகு மட்டும் கரையோரமாகப் போய் வருகிறது. உங்கள் முதல் அத்தியாயம் கத்திரி வெயிலில் தொடங்குகிறது, அதிலேயே வருணன் ஆழ்கடலுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்புகிறான். கடலுக்கே ராஜாவாக இருந்தாலும் கேஸ் போடுவார்கள்.

இந்திரன் வட்டச் செயலாளர் என்பது மட்டும் சரியாக இருக்கிறது.

மே 6, மதியம் 2.15

கரண்ட் இல்லை, கடையில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். திருவொற்றியூரில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன் இரண்டரை வருடம் ஒரு ஆதார் பதிவு மையத்தில் ஆபரேட்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், தேவர்கள் பூமிக்கு வந்தால் அவர்களுடைய முதல் பிரச்சினை அசுரன் இல்லை, முகவரிச் சான்று.

பிறந்த தேதி தெரியாது என்றால் பரவாயில்லை, எங்கள் ஏரியாவில் பாதிக் கிழவிகளுக்கு ஜனவரி 1தான் பிறந்தநாள். வருடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள், தேதி தானாக ஜனவரி 1 ஆகிவிடும். நம் சாமிகள் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடலாம். அப்பா பெயர்தான் சிக்கல், சிவனுக்கு என்ன போடுவது? அப்புறம் வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் முதலில் கேட்பது எத்தனை பேர் என்று, இரண்டாவது கேட்பது என்ன ஆட்கள் என்று. இரண்டாவதற்கு தேவர் என்று பதில் சொன்னால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.

தமயந்தி சுயம்வரம் ஞாபகம் இருக்கிறதா? ஐந்து தேவர்கள் நளன் மாதிரியே உருமாறி வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? தேவர்களுக்கு வியர்க்காது, கண் இமைக்காது, மாலை வாடாது, கால் தரையில் படாது, நிழல் விழாது. வியர்த்து, இமைத்து, தூசி படிந்து, வாடிய மாலையோடு நின்றவன்தான் நளன். காவியத்தில் ஒரு மனிதனை அடையாளம் காண அவன் வியர்வையைப் பார்த்த பெண் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இதை அப்படியே மையத்துக்குக் கொண்டுவாருங்கள். கண் ஸ்கேன் எடுக்கும்போது "இமைக்காதீங்கம்மா, கண்ணை நல்லாத் திறங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை போய்விடும். ஒரு ஆளுக்கு நாலைந்து முறையாவது எடுக்க வேண்டும். அப்போது ஒருத்தர் வந்து உட்கார்கிறார், ஒரே தடவையில் இரண்டு கண்ணுக்கும் திரையில் பச்சை. ஆபரேட்டர் நிமிர்ந்து பார்க்கிறாள். மே மாதம், ஃபேன் ஓடவில்லை, சட்டையில் ஒரு ஈரம் இல்லை. உங்கள் கதை இங்கேதான் தொடங்க வேண்டும்.

மே 6, இரவு

கீழே ஒருவர் திருத்தியிருக்கிறார், சரிதான். தேவர்கள் நால்வர்: இந்திரன், அக்னி, எமன், வருணன். நளனையும் சேர்த்தால்தான் ஐந்து நளன். கணக்கில் நான் எப்போதும் இப்படித்தான், கடையில் சில்லறையும் இப்படித்தான் போகிறது.

ஆனால் பாருங்கள், உங்கள் கதையில் வருகிற அதே நால்வர். தெரிந்துதான் வைத்தீர்களா?

மே 9

தெரியாமல்தான் வைத்தேன் என்கிறார். இருக்கட்டும், நல்ல கைராசி.

இப்போது அந்த "மக்கள் நம்பினால் சக்தி திரும்பும்" விஷயம். இது போன் ரீசார்ஜ் மாதிரி இருக்கிறது. எல்லோருமே இப்படி எழுதுகிறார்கள், ஊரில் கும்பிடுவது குறைந்தது, சாமி இளைத்துப் போனது என்று. வெறிச்சோடிக் கிடக்கிற தேசத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். எங்கள் பக்கம் ஒரு தெருவுக்கு ஒரு அம்மன், ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு பிள்ளையார். ஆடி மாதம் முழுக்க கூழ் ஊற்றுகிறோம். நம்பிக்கைதான் சக்தி என்றால் எங்கள் தெருமுனை அம்மனே வட சென்னை அனல் மின்நிலையம் அளவுக்குக் கரண்ட் எடுக்கலாம். சாமி கும்பிட ஆள் குறைந்ததே இல்லை, ஆனாலும் எங்களுக்குத் தண்ணீர் லாரி வர இரண்டு நாள் ஆகிறது. இந்த இடத்தில் சாமியின் சிக்கல் என்ன என்று யோசியுங்கள்.

மே 10, ஞாயிறு

நேற்று கேட்டுவிட்டு நானே தூங்காமல் யோசித்தேன்.

நம்முடைய பழைய கதைகளில் சாமி மனிதனாக வருவது புதிதா என்ன. விறகு விற்றிருக்கிறார், வளையல் விற்றிருக்கிறார், எல்லாவற்றுக்கும் மேலே பிட்டுக்கு மண் சுமந்திருக்கிறார். வைகை உடைப்பெடுக்கிறது, வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரசாணை. பிட்டு விற்கிற கிழவி வந்திக்கு ஆள் இல்லை. ஒரு கூலியாள் வருகிறான், உதிர்ந்த பிட்டுதான் கூலி. தின்கிறான், ஆடுகிறான், மண்ணைக் கொட்டாமல் தூங்குகிறான். பாண்டியன் பிரம்பால் முதுகில் ஒன்று வைக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுகிறது, அரசி முதுகிலும் விழுகிறது, உலகத்தில் உள்ள எல்லா உயிர் மேலும் விழுகிறது. கூலியாள் கூடை மண்ணை உடைப்பில் கொட்டிவிட்டு மறைந்துபோகிறான்.

சின்ன வயதில் இதைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கும். இப்போது ஒன்று இடிக்கிறது. எண்ணெயைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது, வாளியால் அள்ளினார்கள், நானே பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், இந்த முறை பக்கிங்காம் கால்வாய் வழியாக கொசஸ்தலை முகத்துவாரத்துக்கே வந்துவிட்டது. என் சித்தப்பா ஃபைபர் படகில் போய் மக்கால் அள்ளினார். மக் என்றால் நாம் பாத்ரூமில் வைத்திருக்கிற அதே பிளாஸ்டிக் மக். சாயங்காலம் கருப்பாக வந்து வாசலில் உட்கார்ந்தார், சித்தி மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு அவர் முதுகைத் துடைத்தாள், துடைக்கத் துடைக்கத் தோல் சிவந்து உரிந்தது. வலை போனது, மூன்று வாரம் தொழில் இல்லை. சித்தப்பா முதுகில் விழுந்தது வேறு எவன் முதுகிலும் விழவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். கூலியாளாக வந்த சாமி மனிதனாக வாழவே இல்லை, ஒரு நாள் வேடம் போட்டார், அவ்வளவுதான். அடி ஊருக்கே வலித்தது, அதனால் பிடிபட்டார், கிளம்பிவிட்டார். தம்பி, உங்கள் வருணனை வாளியோடு முகத்துவாரத்தில் இறக்குங்கள். அடி அவன் முதுகில் மட்டும் விழட்டும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். மறுநாளும் அவன் வேலைக்குப் போகட்டும்.

மே 11

"அக்கா, ரொம்ப சோகமாப் போகுது, ஃபேன்டசி எழுத வந்தேன்" என்கிறார். சரி, எமனுக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம், ஷேர் ஆட்டோ கொடுங்கள். மணலி ரோட்டில் லாரி நடுவே அவர் ஓட்டுகிற ஓட்டுக்கு ஏறுகிறவர்கள் தாமாகவே அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மே 14

நம் கதைகளில் சாமி ஒரு நாளுக்கு மேல் தங்கியதே இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஊரிலேயே இரண்டு கதை சொல்கிறேன்.

முதலாவது சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாரை மணக்க ஆசைப்படுகிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரில் முதல் மனைவி பரவை காத்திருக்கிறாளே, சத்தியம் எப்படி நிற்கும்? அதனால் சாமியிடமே போய், நான் சத்தியம் செய்கிற நேரம் கருவறையில் இருக்காதே, மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்கிறார். சாமியும் சரி என்கிறார். சங்கிலி கெட்டிக்காரி, எப்படியோ மோப்பம் பிடித்து, சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுவிட்டாள். மாட்டினார். பின்னால் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. மாசியில் மகிழடி சேவை என்று இன்றும் நடத்துகிறோம்.

இரண்டாவது வள்ளலார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய் வருவார். ஒரு ராத்திரி திரும்புவதற்கு நேரமாகிவிட்டது, கதவு சாத்திவிட்டார்கள், எழுப்ப மனம் வராமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போடுகிறார். சாப்பிட்டுத் தூங்குகிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து அண்ணி மறுபடி வருகிறார், சாப்பிட வா என்று. முதலில் வந்தது திருவொற்றியூர்க் கோயில் வடிவுடையம்மன் என்பார்கள்.

எல்லோரும் இந்தக் கதையில் அம்மனைப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டாவதாகக் கதவைத் திறந்துகொண்டு வந்த அண்ணிதான் கண்ணில் நிற்கிறார். அவரும் சோறு எடுத்து வைத்துக் காத்திருந்தார், நடு ராத்திரி தூக்கத்தில் எழுந்து வந்தார். அம்மன் ஒரு நாள் போட்டாள், மற்ற நாளெல்லாம் யார் போட்டது? அம்மனே ஆள்மாறாட்டம் செய்ய ஒரு உருவம் தேவைப்பட்டபோது அந்த அண்ணியைத்தானே எடுத்துக்கொண்டாள்.

மே 15

திருத்தம். காலையில் அம்மாவிடம் சொன்னேன், தலையில் ஒரு தட்டு வைத்தாள். சங்கிலி மோப்பம் பிடிக்கவில்லை. சுந்தரரிடம் சரி சரி என்று தலையாட்டிய சாமியே அன்று ராத்திரி சங்கிலியின் கனவில் போய், அவனை மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற வீட்டு புரோக்கர் வேலை. அம்மா இதைப் பக்தியோடுதான் சொன்னாள், நான்தான் சிரித்தேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லாக் கதையிலும் சாமி மிக மிக மனிதனாக நடந்துகொண்டது இங்கேதான். உருவம்கூட மாறவில்லை. நண்பனுக்கு உதவுவதாக ஒப்புக்கொள்கிறார், அந்தப் பெண்ணை ஏமாற்றவும் மனம் வரவில்லை. பத்தாம் தேதி நான் எழுதியதில் பாதியை இதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடிபடுவது மட்டும்தான் மனிதத்தனம் என்றேனே, நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரில் இருக்கிற ஒற்றிக்குக் கோயிலில் வேறு கதை சொல்வார்கள், ஆனால் ஒற்றி என்றால் அடமானம் என்றும் அர்த்தம் உண்டு. இங்கே நாம் போக்கியம், லீசு என்போம், தெற்கே ஒத்தி என்பார்கள். லீசு வீட்டில் குடியிருக்கிற சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாடகை ஒப்பந்தச் சிக்கல் தீர்ந்தது.

மே 23

ரொம்ப நாளாக வரவில்லை, கடையில் பள்ளிக்கூடச் சேர்க்கைக் கூட்டம், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று மூச்சுவிட நேரமில்லை.

நேற்று செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட நின்றபோது தோன்றியது. அந்தக் கடைக்காரரின் அப்பா பர்மாவிலிருந்து அறுபதுகளில் வந்தவர், வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம். பர்மாவில் நாட் என்று 37 தெய்வங்கள் உண்டு, பெரும்பாலும் மனிதர்களாக இருந்து அகாலமாக, கொடுமையாகச் செத்தவர்கள். மதுரை வீரன் யார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன்? கழுவில் ஏற்றப்பட்டவன். எங்கள் கோயிலுக்குள்ளேயே வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள், கண்ணகி என்பார்கள். மதுரையை எரித்த கோபத்தோடு இங்கே வந்தாளாம், சாமியும் அம்மனும் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்களாம், காய் கிணற்றில் விழ, எடுக்க இறங்கியவளை வட்டப் பாறையால் மூடிவிட்டார்களாம். நியாயம் கேட்டு வந்தவளைக் கிணற்றில் வைத்து மூடிவிட்டு அப்புறம் பூசை.

ஆக எங்கள் பக்கம் போக்குவரத்து எதிர்த்திசையில்தான் அதிகம், மேலிருந்து கீழே இறங்கியவர்கள் கொஞ்சம், கீழே அடிபட்டு மேலே போனவர்கள் நிறைய. உங்கள் நால்வர் இங்கே வந்து இறங்கினால் முதலில் யாரிடம் போய் நிற்பார்கள்? ஏற்கெனவே இங்கே இருக்கிற வீரனிடம், பாறைக்கு அடியில் இருப்பவளிடம். அவர்கள் இவர்களை எப்படி நடத்துவார்கள்? நான் வீரனாக இருந்தால் இந்திரனை இரண்டு நாள் வாசலில் உட்கார வைப்பேன்.

அத்தோவில் பூண்டு வறுவல் குறைத்துவிட்டார்கள், அதையும் பதிவு செய்கிறேன்.

மே 31

அத்தையைப் பற்றி எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசனை. எழுதிவிடுகிறேன், கதைக்கு எடுத்துக்கொண்டால் ஊர் பெயரை மாற்றிவிடுங்கள்.

அப்பாவின் அக்கா. முப்பது வருடம் இறால் உரித்தவள். ஆடி மாதம் அவள் மேல் அங்காளம்மன் வரும். கூழ் ஊற்றுகிற அன்று உடுக்கைச் சத்தம் கேட்டதும் உடம்பு உதறும், தலைமுடி தானாக அவிழும், அப்பாவையே "வாடா" என்பாள். எலுமிச்சம்பழம் கேட்பாள், யார் வீட்டில் என்ன சண்டை என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். போலீஸ்காரர்கூட வந்து திருநீறு வாங்கிக்கொண்டு போவார். அரை மணி நேரம். தண்ணீர் தெளித்து இறக்கியதும் மூலையில் உட்கார்ந்து, "டீ போடுங்கடி, முட்டி வலிக்குது" என்பாள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பேன், இப்போது குடிப்பது யார் என்று.

போன வருடம் ரேஷன் கடையில் அத்தைக்கு ரேகை விழவில்லை. பெயர் வேண்டாம், ஏதோ ஒரு கடை. தனிக் கார்டு, வீட்டில் வேறு ஆள் இல்லை. மூன்று நாள் நடந்தாள். கடைசியில் என்னிடம் வந்து கையை நீட்டினாள். அந்த விரல்களை அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இறால் ஓடு அறுத்து, ஐஸ் தண்ணீரில் ஊறி, கட்டை விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழ என்று இருக்கிறது. கோடே இல்லை. பாதி விரல்களில் நகம் ஓரம் வெந்த மாதிரி வெள்ளை. மையத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை எல்லாம் செய்தேன், ஈரத்துணியால் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் ஒரு துளி வைத்துத் தேய்த்தேன், மெஷின் கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைத்து அழுத்தச் சொன்னேன். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

அத்தை சிரித்தாள். "அம்மா வந்தா ஊரே கால்ல விழுது, இந்தக் குட்டி டப்பாவுக்கு என்னைத் தெரியலையா" என்றாள்.

அப்புறம் கண் ஸ்கேனில் அவளுக்கு வேலை முடிந்தது. நிறைய முறை இமைத்தாள், அதனால் நேரமானது.

ஜூன் 3

அத்தையைப் படித்துவிட்டுச் சிலர் தனியாக எழுதியிருக்கிறார்கள், நன்றி, அவள் நன்றாக இருக்கிறாள், போன வாரம் என்னோடு சண்டைகூடப் போட்டாள்.

தம்பி கேட்கிறார், அப்படியானால் வருணனுக்கும் ரேகை இருக்கக் கூடாதா என்று. தலைகீழாக வையுங்கள். வந்த புதிதில் ரேகை அச்சடித்த மாதிரி சுத்தமாக விழ வேண்டும், கண் ஒரே தடவையில் பச்சையாக வேண்டும். வருடம் போகப் போக ஐஸ் உடைத்து உடைத்து ரேகை தேய வேண்டும். ஒரு நாள் அவன் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவனே அதைக் கவனிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் நிற்கிறவள் யாராவது கவனிக்கட்டும்.

முதல் நாள் நான் எழுதிய ஒன்றையும் மாற்றிக்கொள்கிறேன். வருணனுக்குக் கடல் வேலை வேண்டாம் என்றேன். கொடுங்கள். ஆனால் முதல் தடவை படகில் ஏறியதும் வாந்தி எடுக்கட்டும்.

ஜூன் 15, காலை

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. சித்தப்பா மகனை ஏற்றிவிடக் காசிமேடு போயிருந்தேன். படகுக்குப் படகு பூசை, ஐஸ் பார் இறக்குகிற சத்தம், டீசல் வாடை, புதுப் பெயிண்ட் வாடை. ஐஸ் உடைக்கிற இடத்தில் ஒரு பையன் வேலையை நிறுத்திவிட்டுப் படகுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பனியனைப் பார்த்தேன், நன்றாக நனைந்திருந்தது. ஐஸ் தண்ணீரா வியர்வையா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.

மூன்றாம் அத்தியாயம் படித்தேன். வீரன் வாசலில் இந்திரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அருமை. ஒரு தப்பு மட்டும், ஆதாரில் முகவரி மாற்ற 50 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 அக்டோபரிலிருந்து 75.